பதினான்கு நாள் செல்லுபடியாகும் பசு

உலகத்தில் மாடுகளுக்கு வரக்கூடிய நோய்களை எல்லாம் ஒருவர் உட்கார்ந்து எழுதினால், கடைசி வரியில் திரைவிலங்கு நலக் கண்காணிப்பகத்தையும் சேர்த்துவிட வேண்டும். மற்ற நோய்களுக்காவது மருந்து இருக்கிறது. இதற்கு விண்ணப்பம்தான் இருக்கிறது. அதுவும் மூன்று பிரதி.

இப்படி ஒரு அலுவலகம் இருப்பதே பால்காரம்மாவுக்குத் தெரியாது. விடிவதற்கு முன் கறந்து, இருபத்தோரு வீடுகளுக்கு ஊற்றிவிட்டு வந்து, தொழுவத்தைக் கழுவி முடிப்பதற்குள் அவளுக்குப் பாதிப் பொழுது போய்விடும். இருந்தது ஒரே பசு. நெற்றியில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்ததால் சுட்டி என்று பெயர். சுட்டியின் பாலில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று சொன்னால் அவள் புருஷனுக்குக் கோபம் வரும், ஏனென்றால் அவர் ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்கு ஒரு வாரத்தில் இரண்டு பஞ்சர் வந்தால் அந்த வாரம் முழுக்க அவர் தலை கால் புரியாமல் நடப்பார்.

அந்த ஊருக்கு ஒரு சினிமா வந்து சேர்ந்தது. நகரத்தில் வேலை போன ஒருவன் கிராமத்துக்கு வந்து, ஒரு பசுவை வளர்க்கக் கற்றுக்கொண்டு, அதன் மூலம் மனிதனாகிறான் என்பது கதை. இடைவேளை வரை சிரிப்பு, அதற்குப் பிறகு அழுகை. இயக்குநர் தாடி வைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். தொழுவத்தின் வாசலில் நின்று மூச்சை இழுத்து விட்டு, "இந்தப் படத்தைப் பார்த்துட்டு வெளிய வர்ற ஒவ்வொருத்தனும் நேரா போய் ஒரு மாட்டைக் கட்டிப்பிடிக்கணும்மா" என்றார். உள்ளே வரச் சொன்னபோது, சாணியைப் பார்த்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டார்.

அவருக்குப் புதிதாகக் கன்று போட்ட பசு வேண்டியிருந்தது. சுட்டி கன்று போட்டு முழுசாக ஒரு நாள் ஆகியிருந்தது. பால்காரம்மா தயங்கினாள். தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. போன தடவை கன்று போட்ட மூன்றாம் நாள் சுட்டி கால் மடங்கி விழுந்துவிட்டது. காது இரண்டும் சில்லென்று ஆகி, கழுத்தைத் திருப்பி வயிற்றோடு வைத்துக்கொண்டது. கால்நடை டாக்டர் வந்து, பாட்டில் கால்சியத்தைக் கழுத்து நரம்பில் ஏற்றினார். அரை மணி நேரத்தில் சுட்டி எழுந்து, ஒன்றும் நடக்காதது போலத் தீனி தின்றது. போகும்போது டாக்டர், "இது பால் காய்ச்சல். இந்த மாட்டுக்கு அடுத்த தடவையும் வரும். கன்னு போட்டு மூணு நாளைக்குக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரும்மா. விழுந்தா உடனே என்னைக் கூப்பிடு. நேரத்துக்கு ஏத்திட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தார். நல்ல டாக்டர்தான். அப்போது அவர் வெறும் டாக்டராக இருந்தார்.

"மூணு நாள் கழிச்சு வெச்சுக்கலாமே" என்றாள் பால்காரம்மா.

"நாளைக்கு வெளிச்சம் நல்லா இருக்கும்மா" என்றார் இயக்குநர். பிறகு சைக்கிள்கடைக்காரர் பக்கம் திரும்பி, கதாநாயகன் ஒரு காட்சியில் சைக்கிள் கடை வழியாக நடந்து போவான் என்று சொன்னார். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. பால்காரம்மாவையும் முழுக்க விட்டுவிட முடியாது. அவ்வளவு பெரிய திரையில் சுட்டியின் முகம் எப்படி இருக்கும் என்று அவளும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டாள். பிறகு அந்த ஒரு நிமிடத்துக்காகத் தன்னைத்தானே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள்.

அன்று மதியமே கண்காணிப்பகம் வந்து இறங்கியது. ஒரு வேன், மடக்கு நாற்காலிகள், குடை, முத்திரைப் பெட்டி, இரண்டு காவலாளிகள், இவற்றுக்கு நடுவில் அதிகாரி. வேனின் பக்கவாட்டில் 'கண்ணிமைக்காமல் காப்போம்' என்று எழுதியிருந்தது. அதிகாரி வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாதவர். மாட்டுக்கு வணக்கம் சொன்னார். வீட்டுக்காரிக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

"மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். இன்னையிலேர்ந்து இது மாடு இல்லை. திரைக்கலைஞர். கலைஞரோட சம்மதம் இல்லாம ஒரு அடிகூட நகர்த்த விடமாட்டோம்."

சம்மதம் வாங்கும் முறை எழுத்தில் இருந்தது. இரண்டு வாளிகளில் தீனி வைக்க வேண்டும். ஒன்றில் 'சம்மதம்' என்றும் மற்றதில் 'மறுப்பு' என்றும் எழுதி ஒட்ட வேண்டும். கலைஞர் எதில் வாய் வைக்கிறாரோ அதுவே முடிவு. வாளிகளை வைத்தார்கள். சுட்டி நேராகப் போய் மறுப்பில் வாய் வைத்து, அதை அடிவரை காலி செய்துவிட்டு, சம்மதத்திலும் பாதியைத் தின்றது. இயக்குநருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி அசரவில்லை.

"மறுத்த கலைஞருக்கு மறுபரிசீலனை பண்ற உரிமை உண்டு. உரிமையை நாங்க மதிக்கிறோம்" என்று சொல்லி, மறுப்பு வாளியை எடுக்கச் சொன்னார். மிச்சமிருந்த ஒரே வாளியில் சுட்டி சம்மதித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்தது உடல்தகுதி. அதற்காக வேனிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் பால்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம் கால்நடை டாக்டர். படப்பிடிப்பு முடியும் வரை கண்காணிப்பகம் அவரைப் பார்வையாளராக எடுத்துக்கொண்டிருந்தது. சட்டையில் 'பார்வையாளர்' என்று பட்டை குத்தியிருந்தார்கள். அவருடைய மருந்துப் பெட்டி வேனில் அரக்கு முத்திரையோடு இருந்தது. மருந்தகத்தைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் வேறு மாட்டு டாக்டர் கிடையாது.

"டாக்டரே, போன தடவை பால் காய்ச்சல் வந்துச்சே, அதை எழுதிக்குங்க" என்றாள்.

டாக்டர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். முப்பத்திரண்டு கட்டங்கள் இருந்தன. கொம்பின் நீளத்துக்குக் கட்டம் இருந்தது, கண்ணின் நிறத்துக்குக் கட்டம் இருந்தது, சுபாவத்துக்குக் கட்டம் இருந்தது.

"முன்னாடி வந்த நோய்க்கு இதுல இடமில்லம்மா" என்றார் மெதுவாக.

கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. 'இப்பசு முழு ஆரோக்கியத்துடன் உள்ளது. இச்சான்று பதினான்கு நாட்களுக்குச் செல்லுபடியாகும்.' அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சுட்டியின் கழுத்தில் கட்டினார்கள். பிறகு சுற்றிலும் பத்தடி தள்ளிச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டார்கள். சொந்தக்காரர் கலைஞரால் ஆதாயம் பெறுகிறவர் என்பதால் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கலைஞர் மீட்கப்பட்டு, கண்காணிப்பகத்தின் காப்பகத்துக்கு நிரந்தரமாகக் கொண்டுபோகப்படுவார். பால் கறப்பதற்கும் தண்ணீர் காட்டுவதற்கும் அங்கீகாரம் பெற்ற கையாளுநர் ஒருவர் வந்தார். அவருடைய அங்கீகாரம் கிளிகளுக்கானது. ஆனாலும் அங்கீகாரம்.

கன்றுக்கு வந்த கதி தனி. கன்று, வயது குறைந்த கலைஞர். அதற்கு ஒரு காப்பாளர் வேண்டும். தாய் காப்பாளராக முடியாது, அவர் அதே படத்தில் சக கலைஞர். எனவே கன்றை வேறு கொட்டகையில் கட்டி, புட்டியில் பால் கொடுத்தார்கள். இரவெல்லாம் அது அங்கிருந்து கத்த, சுட்டி இங்கிருந்து கத்தியது. "நல்ல ஒலிப்பதிவு" என்று அதையும் ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை படப்பிடிப்பு தொடங்கியது. கதாநாயகன் பசுவின் முதுகைத் தடவி, "நீ மாடில்ல, என் தாய்" என்று சொல்ல வேண்டும். அவர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். கையுறை தெரியக்கூடாது என்று கேமராவை நகர்த்தினார்கள். நகர்த்தி முடிக்கும் நேரத்தில் சுட்டி வாலைச் சுழற்றி முதுகில் உட்கார்ந்த ஈ ஒன்றை அடித்தது. ஈ செத்து விழுந்தது.

"நிறுத்துங்க!" என்று அதிகாரி எழுந்தார். "தளத்துல ஒரு உயிர் போயிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று பார்க்க பால்காரம்மா சுற்றிலும் கண்ணை ஓட்டினாள். எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஈயை வெள்ளைத் தாளில் எடுத்து டாக்டரிடம் கொடுத்தார்கள். 'மரணக் காரணம்: வால்' என்று அவர் எழுதினார். பாதுகாக்கப்பட வேண்டிய கலைஞரே குற்றம் சாட்டப்பட்டவராகவும் ஆகிவிட்டதால், என்ன செய்வது என்று தலைமையகத்தோடு போனில் பேசினார்கள். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. ஈ முறையாகப் பதிவு செய்துகொண்ட கலைஞர் அல்ல, அத்துமீறி நுழைந்த உயிரினம் என்று கடைசியில் தீர்ப்பானது. அதுவரை சுட்டி வெயிலில் நின்றது. தண்ணீர் காட்டச் சொல்லி பால்காரம்மா கோட்டுக்கு வெளியிலிருந்து கரடியாகக் கத்தினாள். விசாரணை நடக்கும்போது கலைஞருக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்று கையாளுநர் சொல்லிவிட்டார். கிளிகளுக்கும் அப்படித்தானாம்.

மூன்றாம் நாள் விடிந்தது.

பால்காரம்மா கோட்டோரம் வந்தபோது சுட்டி நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் நின்ற விதம் சரியில்லை. பின்னங்கால்கள் இரண்டும் லேசாக நடுங்கின. ஒரு அடி எடுத்து வைத்தது, தடுமாறியது. காதுகள் தொங்கின. பத்தடி தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையால் வளர்ந்த மாடு அது.

டாக்டர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"டாக்டரே! அதேதான். அன்னிக்கு வந்த அதேதான். பாருங்க, கால் நடுங்குது!"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். சுட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதினார்.

அதிகாரி குடையோடு வந்தார். "என்னம்மா சத்தம்?"

"சார், மாட்டுக்கு உடம்பு சரியில்ல. பால் காய்ச்சல். டாக்டரை ஒரு பாட்டில் ஏத்தச் சொல்லுங்க. பெட்டி வேன்லதான் இருக்கு. அரை மணி நேர வேலை சார்."

அதிகாரி பொறுமையாகக் கோட்டுக்குள் போய், சுட்டியின் கழுத்தில் தொங்கிய உறையைத் திருப்பிப் படித்துவிட்டு வந்தார்.

"சான்று கொடுத்து ரெண்டு நாள்தாம்மா ஆகுது. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. அதுக்குள்ள இதுக்கு உடம்பு சரியில்லாம போக வாய்ப்பே இல்லை."

"போயிருக்கே சார்! கண்ணால பாருங்களேன்!"

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம். எங்க வேலையே அதுதானே?" அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "நீங்க சொல்றபடி வைத்தியம் பார்த்தா, நாங்க கொடுத்த சான்று பொய்னு ஆயிடும். அப்புறம் எந்த மாடு எங்களை நம்பும்? வேணும்னா சான்றை ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் கொடுங்க. மூணு பேர் குழு உட்காரும். அடுத்த செவ்வாய்க்கிழமை."

"டாக்டரே, நீங்க சொல்லுங்களேன்!"

"நான் பார்வையாளர்மா. பார்வையாளர் தொட்டா, அது தலையீடு. என் வேலை..." டாக்டர் பென்சிலைக் கூர் சீவ ஆரம்பித்தார்.

எட்டு மணிக்குச் சுட்டி படுத்துவிட்டது. கழுத்தைத் திருப்பி வயிற்றோடு வைத்துக்கொண்டது. பால்காரம்மா புருஷனைப் பிடித்து உலுக்கி, "என்னங்க, டவுனுக்குப் போங்க. மருந்துக் கடையில கால்சியம் பாட்டில் கேளுங்க. பறந்து போங்க" என்றாள். சைக்கிள்கடைக்காரர் கதாநாயகன் தன் கடை வழியாக நடப்பதற்காகப் புதுச் சட்டை போட்டு நின்றிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும், கடையிலிருந்த சைக்கிள்களிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டவுன் இருபத்தைந்து கிலோமீட்டர்.

இதற்குள் இயக்குநர் ஓடி வந்தார். படுத்திருந்த சுட்டியைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடவுளே, என்ன ஒரு நடிப்பு! பசு நோய்ல விழற காட்சி அடுத்த வாரம்தான் வெச்சிருந்தேன். அது தானாவே கொடுக்குது. லைட்டைக் கொண்டு வாங்க!"

"நடிக்கலைங்க! சாகுதுங்க!" என்று பால்காரம்மா அலறினாள்.

"அதேதான்மா, அதேதான் வேணும்" என்றார் இயக்குநர்.

அதிகாரி கதைப் புத்தகத்தைப் புரட்டி, காட்சி நாற்பத்தொன்றைக் கண்டுபிடித்தார். 'பசு சோர்ந்து படுத்திருக்கிறது' என்று எழுதியிருந்தது. "படுக்கணும்னு எழுதியிருக்கு, படுத்திருக்கு. யாரும் பிடிச்சுத் தள்ளலை, கயிறு போட்டு இழுக்கலை. கலைஞர் சொந்த விருப்பத்துல படுத்திருக்காங்க. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது" என்று முத்திரை குத்தினார்.

பிறகு நடந்ததைப் பால்காரம்மா யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. கதாநாயகன் கண்ணில் கிளிசரின் போட்டுக்கொண்டு வந்து, சுட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, "டாக்டர்! யாராவது டாக்டரைக் கூப்பிடுங்களேன்!" என்று கதறினார். ஏழு தடவை கதறினார்; ஆறு தடவை இயக்குநருக்குத் திருப்தி இல்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் வேடம் போட்ட நடிகர் பெட்டியோடு ஓடி வந்து ஒரு பாட்டிலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். பாட்டில் காலி. தளத்தில் மருந்துள்ள பாட்டிலுக்கு அனுமதி கிடையாது. குழாயின் நுனியைச் சுட்டியின் கழுத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். ஊசி குத்துவது வதை. பன்னிரண்டு அடி தள்ளி, நிஜ டாக்டர் நிஜ நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். வேனில் நிஜப் பாட்டில் அரக்கு முத்திரைக்குள் இருந்தது.

நான்காவது தடவை "டாக்டரைக் கூப்பிடுங்களேன்" என்றபோது பால்காரம்மா காப்பகத்தையும் மறந்தாள், காவலாளியையும் மறந்தாள். கோட்டைத் தாண்டி ஓடி, சுட்டியின் காதைக் கையில் பிடித்தாள். ஐஸாக இருந்தது. சேலைத் தலைப்பால் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "எந்திரிம்மா, எந்திரி" என்றாள். இரண்டு காவலாளிகளும் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய் வெளியில் விட்டார்கள். "முதல் தடவைங்கறதால எச்சரிக்கையோட விடறேன். அடுத்த தடவை மாட்டை ஏத்திட்டுப் போயிடுவோம்" என்றார் அதிகாரி. வேனில் ஏற்றினாலாவது மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போகுமே என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு தூரம் அவளுக்குப் புத்தி பேதலித்திருந்தது.

பதினொன்றரைக்குச் சுட்டி பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. வயிறு உப்ப ஆரம்பித்தது. "அந்தப் பக்கம் சாய்ஞ்சா முகம் தெரியலையே" என்றார் இயக்குநர்.

பன்னிரண்டேகாலுக்கு சைக்கிள்கடைக்காரர் வந்து சேர்ந்தார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மருந்துக் கடைக்காரர் முதலில் டாக்டர் சீட்டு கேட்டாராம். இவர் அழுததைப் பார்த்துவிட்டு, சீட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பாட்டிலையும் குழாயையும் ஊசியையும் கையில் திணித்து அனுப்பிவிட்டாராம். இந்தக் கதையில் சட்டத்தை மீறிய ஒரே மனிதர் அவர்தான்.

பாட்டிலைப் பார்த்ததும் அதிகாரி கை நீட்டித் தடுத்தார்.

"தளத்துக்குள்ள மருந்து வரணும்னா தலைமையக அனுமதி வேணும்."

"சார், உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்" என்று சைக்கிள்கடைக்காரர் சொன்னதோடு நிற்காமல் பிடித்தே விட்டார்.

அதிகாரி கல்நெஞ்சக்காரர் அல்ல. உடனே தலைமையகத்துக்குப் போன் போட்டார். அங்கே சாப்பாட்டு நேரம். அவர் விடாமல் மறுபடி போட்டார், மறுபடியும் போட்டார். அந்தக் கணவனும் மனைவியும் பாட்டிலை ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மணி முப்பத்தைந்துக்கு அனுமதி வந்தது. 'மனிதாபிமான அடிப்படையில், உடனடியாக அமலுக்கு வருகிறது' என்று அதிகாரி சத்தமாக வாசித்தார். சுட்டி செத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

அப்போது தளத்திலும் சாப்பாட்டு இடைவேளை. கேமரா ஓடவில்லை. "அப்ப இது படப்பிடிப்புல நடந்தது இல்லை" என்று அதிகாரி நிம்மதியாக மூச்சு விட்டார். "கலைஞர் தன் சொந்த நேரத்துல இறந்திருக்காங்க."

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நிறைவுக் கூட்டம் வைத்தார்கள். 'எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை' என்ற சான்று படத்துக்குக் கிடைக்க வேண்டுமானால், சொந்தக்காரர் திருப்திப் படிவத்தில் பொதுமக்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஊர்க்காரர்கள் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அதிகாரியும் இயக்குநரும் டாக்டரும் இருந்தார்கள். பால்காரம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"நேத்து நடந்தது எங்களுக்கும் துக்கம்தான். ஆனா சில பேர் ஊருக்குள்ள கண்டபடி பேசறாங்க, துன்புறுத்தல்னு. துன்புறுத்தல்னா என்ன? யாராவது ஏதாவது செஞ்சிருக்கணும். நேத்து காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் அந்தப் பசுவுக்கு யார் என்ன செஞ்சாங்க? நான் பொறுப்போட சொல்றேன்: யாருமே எதுவுமே செய்யலை. இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா ஒரு கோப்பு எங்க அலுவலகத்துலேர்ந்து போனதே இல்லை."

இயக்குநர் கை தட்டினார். வேறு யாரும் தட்டாததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

படிவத்தைக் கொண்டுவந்து பால்காரம்மாவிடம் நீட்டினார்கள். அவள் அதைத் தொடவில்லை.

"டாக்டர் நாள் பூரா எழுதினாரே, அந்த நோட்டை வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் போடறேன்" என்றாள்.

டாக்டர் சட்டென்று, "அது அலுவலகக் குறிப்பு சார், வெளியில..." என்று ஆரம்பித்தார். அதிகாரிக்கோ பூரிப்பு தாங்கவில்லை. இத்தனை காலத்தில் பொதுமக்களில் ஒருவர் கண்காணிப்பகத்தின் குறிப்பைக் கேட்டு வாங்கிக் கேட்பது இதுதான் முதல் தடவை. டாக்டரின் மடியிலிருந்து நோட்டை எடுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விழா மேடையில் வாழ்த்து மடல் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"ஆறு பத்து. பின்னங்கால்களில் நடுக்கம். காதுகள் தொங்குகின்றன. பால் காய்ச்சலின் முதல் கட்டம். கால்சியம் ஏற்றினால் பதினைந்து நிமிடத்தில் சரியாகும்.

"எட்டு மணி. பசு படுத்துவிட்டது. கழுத்து வயிற்றுப் பக்கம் திரும்பியுள்ளது. இரண்டாம் கட்டம். கால்சியம் ஏற்றினால் அரை மணியில் எழுந்துவிடும்.

"ஒன்பது நாற்பது. மூக்கு உலர்ந்துள்ளது. இப்போதும் தாமதமில்லை.

"பதினொன்று முப்பது. பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. வயிறு உப்புகிறது. மூன்றாம் கட்டம். உடனே ஏற்றினால் பிழைக்கும்.

"பன்னிரண்டு பதினைந்து. மருந்து வந்துள்ளது. சரியான மருந்து. இப்போது ஏற்றினாலும் பிழைக்க வாய்ப்புண்டு.

"பன்னிரண்டு ஐம்பது. இனி ஏற்றிப் பயனில்லை.

"ஒன்று இருபது. மரணம்."

அதிகாரி நோட்டை இறக்கி, சபையைப் பெருமையோடு பார்த்தார். "பார்த்தீங்களா? என்ன நுணுக்கம்! ஒரு கட்டம்கூட விடலை. இதைப் பயிற்சிக்கு வைக்கச் சொல்லி சிபாரிசு பண்ணியிருக்கேன்."

சைக்கிள்கடைக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஊர்க்காரர்கள் எல்லோரும் டாக்டரையே பார்த்தார்கள். அவர்கள் வீட்டு மாடுகளுக்கும் அவர்தான் டாக்டர்.

பால்காரம்மா எழுந்து மேடை ஏறினாள். அழுவாள் என்று எதிர்பார்த்து இயக்குநர் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தார். அவள் அழவில்லை. அவளுக்கு வந்திருந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அதிகாரியின் கையிலிருந்து நோட்டை வாங்கி மேசையில் வைத்து, 'மரணம்' என்பதற்கு அடுத்த வரியில் எழுதத் தொடங்கினாள். பால் கணக்கு எழுதிப் பழகிய கை, எழுத்து பெரிசு பெரிசாக விழுந்தது. டாக்டரை ஒரு தரம் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் போட்டாள். எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். நேரம் இருந்தது, கையெழுத்து இருந்தது. "சரியான முறையில எழுதியிருக்காங்க" என்று சொல்லி, முத்திரையை மையில் தொட்டு அதன் மேல் ஓங்கிக் குத்திவிட்டு, நோட்டை டாக்டர் பக்கம் தள்ளினார்.

டாக்டர் படித்தார்.

'நாலு இருபது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கால் நடுக்கம் இல்லை. கழுத்து நேராக இருக்கிறது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. நேற்றுக் காலை ஆறு பத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.'